சுழலும் சூளையின் காவலர்

வீடு கட்டுவோர் சீமெந்துப் பையின் விலையை அறிவர். அதன் நிறையையும் அறிவர். ஆனால் அந்தச் சாம்பல் நிறத் தூள் எத்தகைய நெருப்பிலே பிறந்தது என்பதையும், அந்நெருப்பு அணையாமலும் அளவு மீறாமலும் இருக்க இரவு பகலாய் விழித்திருப்போர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து புத்தளம் வரை பழைய கடற்படிவாகிய சுண்ணாம்புக்கற் பாறை பரந்துள்ளது. இப்பாறையை நம்பியே காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு சீமெந்துத் தொழிற்சாலை தோன்றியது. போர்ச் சூழலில், 1990 இல் அதன் உற்பத்தி நின்றது. புத்தளத்தை அடுத்த பாலாவியில் எழுந்த ஆலைக்கோ, நகருக்கு வடக்கேயுள்ள அருவக்காட்டில் வெட்டப்படும் கல்லே மூலப்பொருளாயிற்று. கல்லைக் கொண்டுவருவதற்கென்றே புகையிரதப் பாதையும் அமைந்தது. அரசுக் கூட்டுத்தாபனத்தின் கீழ்த் தொடங்கிய இவ்வாலை, 1990களில் தனியார் வசமாகி, 2016 இல் தாய்லாந்து நாட்டின் சியாம் சிற்றி சீமெந்து நிறுவனத்தின் கைக்கு மாறியது.

சீமெந்து ஆலையின் இதயம் சுழற்சூளையாகும். சற்றே சரிவாகக் கிடத்தப்பட்ட நீண்ட எஃகுக் குழாய் அது. அரைத்த சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் மேல்முனையால் உட்செல்லும். கீழ்முனையில் தீ எரியும். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் கல் சுண்ணாம்பாக மாறும். 100 கிலோகிராம் தூய சுண்ணாம்புக்கல் 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிட்டு 56 கிலோகிராம் சுண்ணாம்பாகும். வெப்பம் 1450 பாகையை எட்டும்போது கிளிங்கர் எனப்படும் கருங்கட்டிகள் விளையும். அவற்றை விரைவாகக் குளிர்வித்து, ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து கிடைக்கும்.

எஃகோ ஏறத்தாழ 1500 பாகையில் உருகும் பொருள். அதற்கு நெடுமுன்னரே தன் வலிமையை இழந்துவிடும். அவ்வாறாயின் அந்தக் குழாய் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றது? உட்புறத்தில் வரிசையாகப் பதித்த வெப்பந்தாங்கும் செங்கற்களே அதன் கவசம். ஒரு கல் பெயர்ந்து வீழ்ந்தாலும் அவ்விடத்து எஃகு நேரே தீக்கு இலக்காகும். ஆதலால் சூளையின் வெளிப்புற வெப்பத்தைக் கருவிகள் இடைவிடாது அளந்துகொண்டிருக்கும்.

இக்கருவிகளின் சொல்லைக் கேட்டு முடிவெடுப்பவரே இயந்திரப் பொறியியலாளர். ஓரிடத்தில் வெப்பம் ஏறுகின்றது எனக் கொள்வோம். சூளையை நிறுத்தினால், அது ஆறவும், கற்களை மாற்றவும், மீண்டும் மெல்ல மெல்லச் சூடேறவும் நாட்கள் பல கழியும். அவசரமாய் ஆறவிட்டால் நல்ல கற்களும் வெடிக்கும். நிறுத்தாது விட்டாலோ எஃகுக் குழாயே வளைந்து கெடலாம். விற்பனைப் பகுதியினர் ஒருபுறம் நெருக்குவர். இயந்திரம் மறுபுறம் எச்சரிக்கும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, "இன்று நிறுத்துவோம்" என்று சொல்லும் துணிவே அவருடைய கல்வியின் முதிர்ந்த பயனாகும்.

இயந்திரத்திற்கும் மூச்சுவிட இடம் வேண்டும். 50 மீற்றர் நீளமான எஃகுக் குழாயின் வெப்பம் 250 பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளும். ஆதலின் சூளையை இறுக்கிக் கட்டுவதில்லை. நீளவும் குறுகவும் இடம்விட்டு, உருளைகளின் மேல் சுழலவிடுவர். உருளை சற்றே விலகினாலும், எண்ணெய் சற்றே வற்றினாலும் தாங்கிகள் கொதிக்கத் தொடங்கும். உப்புக் காற்று வீசும் கரையோர ஆலைகளில் துரு என்னும் ஓயாத பகைவனையும் எதிர்கொள்ள வேண்டும்.

மின்தடையே மிகக் கொடிய சோதனை. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 900 மெகாவற்று அனல்மின் நிலையம் உள்ளது. ஆயினும் 2020 ஆகஸ்ட் 17 ஆம் நாள் இலங்கை முழுவதும் மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது. சுழற்சூளை சூடாக இருக்கையில் அசையாது நின்றால், எரியும் பொருள் கிடக்கும் அடிப்புறம் மிகுதியாகச் சூடேற, மேற்புறம் ஆறும். குழாய் வாழைத்தண்டுபோல் வளையும். அதைத் தடுப்பதற்கென்றே தனியாக ஒரு சிறிய டீசல் எஞ்சின் வைக்கப்பட்டிருக்கும். அது சூளையைச் சிறிது சிறிதாகத் திருப்பும். ஆண்டு முழுவதும் வேலையற்று நிற்கும் அவ்வெஞ்சினை வாரந்தோறும் இயக்கிப் பார்க்கும் பொறியியலாளரே அன்று ஆலையைக் காப்பவர். வெள்ளம் வருமுன் அணை கட்டுவது என்பது இதுவேயாம்.

எல்லாவற்றினும் மேலானது மனித உயிர். பழுது பார்ப்பதற்காக ஒருவர் சூளையினுள் அல்லது அரைக்கும் ஆலையினுள் நுழையுமுன், மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டி, திறவுகோலைத் தம் கையிலேயே வைத்துக்கொள்வது விதி. உள்ளே சென்ற ஒவ்வொருவரும் வெளிவந்து தத்தம் பூட்டைத் திறந்த பின்னரே இயந்திரம் மீளச் சுழலும். சிறிய பூட்டுத்தான், ஆயினும் ஒரு குடும்பத்தின் விளக்கு அதனுள் அடங்கியிருக்கின்றது.

நன்றாக ஓடும் இயந்திரத்தை எவரும் கவனிப்பதில்லை. அதை ஓடச்செய்பவரையும் எவரும் பாராட்டுவதில்லை. நேராத விபத்திற்கு மாலையும் மேடையும் கிடைப்பதில்லை. ஆயினும் நாட்டில் எழும் ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலும், ஒவ்வொரு பாலத்தின் தூணிலும், பெயரறியாத அந்தக் காவலரின் விழிப்பும் கலந்தே இருக்கின்றது.