ஒத்தியங்கா இரும எண்ணி

ஒத்தியங்கா இரும எண்ணி என்பது, வரும் துடிப்புகளை இரும எண்ணாகக் கணக்கிடும் எண்ணியல் மின்சுற்று ஆகும். இதில் பிளிப்-பிளாப்புகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். உள்ளீட்டுத் துடிப்பு முதல் பிளிப்-பிளாப்புக்கு மட்டுமே செல்கிறது. ஒவ்வொன்றின் வெளியீடும் அடுத்ததற்குத் துடிப்பாகிறது. மாற்றம் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பரவுவதால் இதற்குச் சிற்றலை எண்ணி என்றும் பெயர் உண்டு.

செயற்பாடு

ஜே-கே பிளிப்-பிளாப்பின் இரு உள்ளீடுகளையும் 1 நிலையில் வைத்தால், துடிப்பு 1-இலிருந்து 0-க்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் வெளியீடு தலைகீழாக மாறும். இரண்டு துடிப்புக்கு ஒரு முழுச் சுற்று, அதிர்வெண் பாதியாகிறது. குவார்ட்சு கடிகாரத்தின் 32,768 எர்ட்சு அதிர்வை 15 நிலைகள் இப்படிப் பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

வடிவமைப்பு: எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு ஒரு துடிப்பு என எண்ண, 6 பிளிப்-பிளாப்புகள் போதா (2⁶ = 64); 7 வேண்டும் (2⁷ = 128). சிடி 4024 என்ற தொகுசுற்றில் 7 நிலைகள் ஒன்றாகவே கிடைக்கின்றன. துடிப்பைப் பொத்தானால் தருவதென்றால், பொத்தானின் தொடுமுனை துள்ளி ஒரே அழுத்தம் பல துடிப்புகளாகப் பதிவாகாமல் தடுக்க வேண்டும்.

70 = 64 + 4 + 2, அதாவது 1000110. 64, 4, 2 மதிப்புள்ள மூன்று வெளியீடுகளையும் ஓர் ஆண்ட் வாயில் வழியாக மீட்டமைப்பு முனையில் இணைத்தால், 70 வந்த கணமே எண்ணி 0 ஆகிவிடும். 70-க்குக் கீழே எந்த எண்ணிலும் இம்மூன்றும் சேர்ந்து 1 ஆக இருப்பதில்லை. எனவே மற்ற நான்கைச் சோதிக்கத் தேவையில்லை. எண்ணி 0 முதல் 69 வரை சுழலும். கடைசி வளைவில் 70 என்றே தெரிய வேண்டுமானால், வாயிலை விட்டுவிட்டு மீட்டமைப்புப் பொத்தான் ஒன்றை வைப்பதே எளிது.

தனித்தனிப் பிளிப்-பிளாப்புகளால் அமைக்கும்போது, முதலில் அழிவது வாயிலை அணைத்துவிட, மெதுவானது அழியாமல் நின்றுவிடக்கூடும். அதற்காக மீட்டமைப்புத் துடிப்பைத் தாழ் சுற்று ஒன்றால் சற்று நீட்டுவர்.

பரவல் தாமதம்

இவ்வகை எண்ணியின் உண்மையான குறை இதுதான். ஒரு நிலைக்கு 20 நானோநொடி எனக் கொண்டால் 7 நிலைகளுக்கு 140 நானோநொடி; ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் சரியான எண்ணைப் படிக்க வேண்டுமெனில் ஏறத்தாழ 7 மெகாஎர்ட்சுக்கு மேல் இயக்க முடியாது.

வேகத்தை விடப் பொய் எண்களே அதிகத் தொல்லை தருபவை. 63-இலிருந்து 64-க்கு எண்ணி நேராகத் தாவுவதில்லை. 62, 60, 56, 48, 32, 0 என இறங்கி, பிறகே 64-ஐ அடைகிறது. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் '0 ஆனால் ஒரு பயணம் முடிந்தது' என இன்னோர் எண்ணியில் ஏற்றும் சுற்று, 64ஆம் வளைவிலேயே ஒரு பொய்ப் பயணத்தைச் சேர்த்துவிடக்கூடும். 64 மதிப்புள்ள வெளியீடு ஒரு சுழற்சியில் ஒரே முறை, மீட்டமைப்பின்போது மட்டுமே, 0-க்கு இறங்குகிறது. பயண எண்ணிக்கு அதையே துடிப்பாகத் தந்தால் இப்பிழை நேராது. இடைப்பட்ட எண்கள் எதையும் நம்பிக் கண்டறிய வேண்டிய இடங்களில் எல்லாப் பிளிப்-பிளாப்புகளுக்கும் ஒரே துடிப்பைத் தரும் ஒத்தியங்கு எண்ணி பயன்படுத்தப்படுகிறது. அதற்குக் கூடுதல் வாயில்கள் தேவை.