சக்கரம் தொலைந்த விமானம்

பெட்டிக்குள் விமானம் இருந்தது. சக்கரங்கள்தான் இல்லை.

பொன்னேரி பக்கம் ஒரு காலனி. அங்கே மாலை நேரப் படிப்பு மையத்தில் நாம் பார்த்த அந்தப் பெட்டி, சென்னையில் இருந்து வந்தது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயாரிடம், அந்த வீட்டுக்காரர்கள் பழைய சாமான்களைக் கழிக்கும்போது கொடுத்திருக்கிறார்கள். பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரி விமானம் அது. ஏர்பஸ் ஏ-320 ரகம், நிஜத்தில் 144-ல் ஒரு பங்கு. உண்மையான விமானம் 37.57 மீட்டர் நீளம் என்றால், இது 26 செ.மீ. பள்ளிக்கூட அடிக்கோலை விடக் கொஞ்சம் சின்னது.

“அக்கா, சக்கரமே இல்லையே, இது எப்படி எறங்கும்?” என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டிருக்கிறான். “தண்ணியில எறக்கலாம்” என்றிருக்கிறாள் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. வேலை அப்படித்தான் தொடங்கியது. ஊர்ப் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் நாம் இங்கே எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

மையத்தை நடத்துபவர் அதே காலனியில் இயற்பியல் பட்டம் பெற்ற இளம்பெண். பிள்ளைகளுக்கு அவர் முதலில் சொன்னது செங்குன்றம் ஏரியின் கதை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கேட்டலினா விமானங்கள் அந்த ஏரியில்தான் இறங்கின, ஏறின. அங்கிருந்து கிளம்பி வங்கக் கடலைச் சுற்றிக் காவல் காத்தன. 104 அடி இறக்கை கொண்ட அந்த விமானத்தின் வயிறே படகு. அதனால்தான் ‘பறக்கும் படகு’ என்று பெயர். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஏரி ஒரு காலத்தில் விமான நிலையமாக இருந்தது என்பதைப் பிள்ளைகள் நம்பவே இல்லையாம். நமக்கும் நம்ப ஒரு நிமிடம் பிடித்தது.

பயணிகள் விமானத்தைப் பறக்கும் படகாக்குவதில் இரண்டு சிக்கல். ஏ-320-க்கு இறக்கை கீழே இருக்கிறது, என்ஜின்கள் அதற்கும் கீழே தொங்குகின்றன. தண்ணீரில் இறக்கினால் முதலில் முங்குவது என்ஜின்தான். கேட்டலினாவுக்கு இறக்கையும் என்ஜினும் தலைக்கு மேலே. ஒரு வாரம் யோசித்திருக்கிறார்கள். கடைசியில், ஒட்டி முடித்த உடம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறுமி, அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டாள். இறக்கை மேலே வந்தது. என்ஜின்கள் அதற்கும் மேலே வந்து உட்கார்ந்தன. சக்கரத்துக்கான ஓட்டைகளும் மேலே போய்விட்டதால் தண்ணீர் புகும் கவலை குறைந்தது. கீழே போன வாலை மட்டும் ஆக்ஸா பிளேடால் அறுத்து மேலே ஒட்டினார்கள். விமானி அறையின் ஜன்னலைப் புதிதாக வரைந்தார்கள். இறக்கையின் வளைவும் தலைகீழாகிவிட்டதே, நிஜமாக இருந்தால் இது விமானத்தைக் கீழேதானே அழுத்தும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். “நம்ம விமானம் கற்பனையிலதானே அக்கா பறக்குது” என்று பதில் வந்ததாம்.

படகு வயிறு செய்ததுதான் பெரிய வேலை. தெர்மோகோலில் செய்யப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கை ஒட்டுகிற பசை பட்டதும் அது கரைந்து குழிந்துவிட்டது. பிறகு எம்-சீல் வாங்கிப் பிசைந்து, அடியில் ‘வி’ வடிவத்தில் பூசி, உப்புத்தாளால் தேய்த்தார்கள். நடு வயிற்றில் குறுக்காக ஒரு படி வெட்டினார்கள். அந்தப் படி எதற்கு என்று கேட்டோம். ஒரு பையன் நம்மைக் குழாயடிக்கு அழைத்துப்போய், கரண்டியின் முதுகை விழுகிற தண்ணீரில் லேசாகத் தொட்டுக் காட்டினான். தண்ணீர் கரண்டியைத் தன் பக்கம் இழுத்தது. வளைந்த வயிற்றையும் தண்ணீர் இப்படித்தான் பிடித்துக்கொள்ளுமாம். படி வெட்டினால் அந்த இடத்தில் காற்று நுழையும், பிடி விட்டுப்போகும், விமானம் மேலே எழும். பாடப்புத்தகத்தில் நாம் படிக்காத பாடம்.

இறக்கை நுனிகளுக்கு ஸ்கெட்ச் பேனா மூடிகள் மிதவைகளாயின. அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி விட்டபோது வால் முங்கியது. மூக்குக்குள் சைக்கிள் பால்ரஸ் ஏழு போட்டதும் நேராக நின்றது. ஒரு நோட்டில் பயண அட்டவணைகூட எழுதி வைத்திருக்கிறார்கள்: செங்குன்றம் புறப்பாடு காலை 7.10, பழவேற்காடு 7.25. டிக்கெட் பத்து ரூபாய். பாட்டிகளுக்கு இலவசம்.

நூல் கட்டி இழுத்துப் பார்க்க அன்னக்கூடை போதாது. குளம் வேண்டும்.

குளம் இருக்கிறது. ஊராட்சிக் குளம், நல்ல படித்துறையோடு. 100 நாள் வேலையில் அதைத் தூர் வாரியவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள். ஆனால் அந்தப் படித்துறையில் காலனியார் இறங்குவதில்லை. யாரும் பலகை வைக்கவில்லை. “எங்க காலத்துல குடத்தோட போனா வெரட்டுவாங்க. இப்ப யாரும் வெரட்டல. நாங்களும் போறதில்ல” என்றார் ஒரு பாட்டி.

சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924-ல். 1927-ல் மஹாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பொதுக் குளத்தையும் துறையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பிள்ளைகள், ஆசிரியை, ஒரு தாயார், கூடவே நாமும் படித்துறைக்குப் போனோம். பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “கலங்கல் பக்கம் போய் விடுங்களேன்” என்றார். “இது ஊராட்சிக் குளம்தானே, ஐயா?” என்றார் ஆசிரியை. அவர் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் இறங்கினார்.

பையன் நூலைப் பிடித்துக்கொண்டு கரையில் ஓடினான். மூக்கு நிமிர்ந்தது. படிக்குப் பின்னால் தண்ணீர் பிரிந்து தெறித்தது நமக்கே தெரிந்தது. பத்தடி போயிருக்கும், இடது மிதவை கழன்று விழ, விமானம் சாய்ந்து நின்றுவிட்டது. குளித்துக்கொண்டிருந்த ஊர்ப் பையன் ஒருவன் நீந்திப் போய் மூடியை எடுத்துவந்தான். “இது கப்பலா, ஏரோப்ளேனா?” என்று கேட்டான். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதிர்க்கரையில் இருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மாலை வார்டு உறுப்பினர் ஒருவர் ஆசிரியையின் வீட்டுக்கு வந்து, “இனிமே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா” என்றாராம். “யார்கிட்ட சொல்லணும்?” என்று இவர் கேட்டதற்குப் பதில் இல்லை. நாம் விடைபெறும்போது பிள்ளைகள் மிதவைக்கு எம்-சீல் பிசைந்துகொண்டிருந்தார்கள். இறுகி உலர ஒரு ராத்திரி ஆகும். அடுத்த ஞாயிறும் அதே படித்துறைதான் என்றார்கள்.