தேருக்கும் டூல் கிட் உண்டு, தெரியுமா?

திருவண்ணாமலையிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கிளம்புகிறீர்களா? டிக்கியில் எதைப் போடுவது, எதை விடுவது என்று குழப்பமா? கொஞ்சம் பொறுங்கள். கீழே இருக்கும் ஆச்சரியங்களுக்குள் உங்கள் டூல் கிட்டுக்கான சிபாரிசுகள் ஒளிந்திருக்கின்றன!

இந்த ஊரின் மிகப் பெரிய வண்டிக்கு எஞ்சினே கிடையாது, தெரியுமா?

கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ம் நாள். மாட வீதிகளில் ஐந்து தேர்கள்! அதில் அம்மன் தேரை இழுப்பது முழுக்க முழுக்கப் பெண்கள்! அவ்வளவு பெரிய தேர்களுக்கு என்ன கருவி? இழுக்க வடம், நெம்பிக் கொடுக்க மரம், நிறுத்த முட்டுக்கட்டை. அவ்வளவுதான்! உங்கள் ஜீப்புக்கும் முதலில் வேண்டியவை இந்த மூன்றுதான்: இழுவைக் கயிறு, ஜாக்கி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டைகள். ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு பலகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் பலகை இல்லாத ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே பூமிக்குள் இறங்கிவிடும்!

கயிறு துப்பாக்கிக் குண்டாக மாறும், தெரியுமா?

மீட்புக்கென்றே வரும் நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். நீண்டது சுருங்கும்போது சேற்றில் புதைந்த வண்டியைச் சுண்டி வெளியே எடுத்துவிடும். ஆனால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் அதைக் கட்டினீர்களோ, தொலைந்தது! குண்டு முறிந்தால் கயிறோடு சேர்ந்து பறக்கும்; எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. சேஸியோடு சேர்ந்த கொக்கியில், பாரம் எவ்வளவு தாங்கும் என்று பொறித்த டி-ஷேக்கிள் போட்டு மட்டுமே கட்ட வேண்டும்.

இந்தியாவின் எஸ்யூவிகள் பரீட்சை எழுதும் இடம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, தெரியுமா?

செய்யாறில் மஹிந்திராவின் சோதனைத் தடம் 454 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது! 2021-ல் நான்கு எக்ஸ்யூவி 700 வண்டிகள் அங்கே 24 மணி நேரம் ஓடின. ஒவ்வொன்றும் கடந்தது 4,000 கிலோமீட்டருக்கு மேல்! அங்கே பக்கத்திலேயே மெக்கானிக் படை நிற்கும். போளூரிலிருந்தோ பரமனந்தலிலிருந்தோ ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் உங்களுக்கு, நீங்கள்தான் மெக்கானிக்!

ஸ்டெப்னி இல்லாமலே புது கார் விற்கலாம், தெரியுமா?

2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆனால் மலைக்குப் போகிறவர் இந்தச் சலுகையை நம்பவே கூடாது! பஞ்சர் கிட்டில் இருக்கும் ரப்பர் திரி, டயரின் மேல்பரப்பில் குத்திய ஆணிக்குத்தான் சரி. கூரான கல் பக்கச் சுவரைக் கிழித்தால் திரி நிற்காது. ஸ்டெப்னி வேண்டும், அதைக் கழற்றி மாட்ட நீளமான கைப்பிடி உள்ள வீல் ஸ்பேனரும் வேண்டும்.

காற்றைக் குறைத்தால் வண்டி பலம் பெறும், தெரியுமா?

35 பிஎஸ்ஐ-ல் இருக்கும் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் படும் தடம் நீளும். மணலில் புதைவது குறையும்! ஆனால் அதே காற்றோடு தார் ரோட்டில் விரட்டினால் டயர் சூடேறி வெடிக்கலாம். ஆகவே காற்று அளக்கும் கேஜும் 12 வோல்ட் கம்ப்ரசரும் ஜோடியாகத்தான் வர வேண்டும். பெரிய கம்ப்ரசரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போகும். பேட்டரியிலேயே கிளிப் போடுங்கள். மாற்று ஃபியூஸ்கள் நாலைந்து பையில் இருக்கட்டும்.

நிலவில் ஓடிய காரை ஒட்டுநாடாதான் காப்பாற்றியது, தெரியுமா?

1972 டிசம்பர், அப்போலோ 17. விண்வெளி வீரர் செர்னனின் சுத்தியல் மாட்டி நிலவு ஊர்தியின் மட்கார்டு உடைந்தது. சக்கரம் வாரி இறைத்த தூசி ஆட்கள் மேல் மழையாய்க் கொட்டியது! விண்வெளி வீரர்கள் நான்கு வரைபடத் தாள்களை டக்ட் டேப்பால் ஒட்டி, கிளாம்ப் போட்டு, புது மட்கார்டே செய்துவிட்டார்கள்! அந்த வண்டியின் சக்கரம் கம்பி வலை. காற்றே இல்லை, பஞ்சருக்கும் வழியில்லை. உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டக்ட் டேப்பையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு கட்டு கேபிள் டை. 1958-ல் விமான ஒயர்களைக் கட்டப் பிறந்தது அது. தொங்கும் பம்பரையும் அறுந்த ஒயரையும் ஊர் வந்து சேரும்வரை பிடித்து வைக்கும்!

டபிள்யூடி-40-ன் 40 எது, தெரியுமா?

நாற்பதாவது முயற்சி! 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது; முதலில் அட்லஸ் ஏவுகணையின் உடல் துருப்பிடிக்காமல் காக்கப் பயன்பட்டது. இந்த ஸ்ப்ரேயை அடித்தால் துருவேறி இறுகிய நட்டு இளகும். ஆனால் இது கிரீஸுக்கு மாற்று இல்லை!

ஜம்பர் கேபிளின் கடைசிக் கிளிப் பேட்டரிக்குப் போகாது, தெரியுமா?

செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்லதன் மைனஸ். நான்காவது? செத்த பேட்டரிக்கு எட்டத்தில், எஞ்சினின் வெற்று இரும்பில்! பேட்டரி அருகே வாயு இருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

பாரமும் ஒரு கோளாறுதான், தெரியுமா?

நூற்றிருபது பீஸ் பெட்டி வேண்டாம். உங்கள் வண்டியின் நட்டு போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், கையுறை, தலையில் மாட்டும் டார்ச், முதலுதவிப் பெட்டி, குடிநீர் போதும். காப்புக்காட்டுக்குள் அரிவாளும் ரம்பமும் வேண்டாம். நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வாசலிலேயே, உங்கள் பையில் இருக்கும் கருவிகளை மட்டும் வைத்து ஒரு டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எது இல்லாமல் திண்டாடினீர்களோ, அதை முதலில் வாங்குங்கள்!