நெட் பௌலராகப் போன நட்டு!

காம்பாரில் கிரிக்கெட் பேச ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நமக்குப் பந்து என்றால் காற்பந்து, விட்டால் பூப்பந்து. கிரிக்கெட்டா? அது ஈப்போ பாடாங்கில் துரைமார் ஆடிய ஆட்டம்! ஆனாலும் 2020 டிசம்பர் 4, பொழுது சாயும் நேரம், ஆஸ்திரேலியாவின் கேன்பரா திடலில் ஒரு தமிழ்ப் பையன் இடக்கையால் 3 விக்கெட் சாய்த்தபோது, ஆட்டமே புரியாத அக்காமார்கூட "யாருடா அந்தப் பையன்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கராசு நடராஜன், செல்லமாக நட்டு. சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர். (கோழி பிஸ்கட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம், அந்த அம்மாவை நமக்குப் பிடிக்காமல் இருக்குமா!) ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இதெல்லாம் டிவியிலேயே சொல்லிவிட்டார்கள். காமிராவுக்குப் பின்னால் நடந்ததுதான் சுவாரஸ்யம்.

முதல் சங்கதி, இந்திய அணியின் அந்த ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நட்டு ஆட்டக்காரராகவே போகவில்லை. நெட் பௌலர்! கோலியும் ராகுலும் பயிற்சியில் அடித்துப் பழகப் பந்து போட்டுக் கொடுக்கிற ஆள். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். வருண் சக்ரவர்த்திக்குத் தோளில் காயம், டி20 அணியில் நட்டு. நவ்தீப் சைனிக்கு முதுகுப் பிடிப்பு, ஒருநாள் அணியிலும் நட்டு. உமேஷ் யாதவ் காயத்தோடு ஊர் திரும்ப, டெஸ்ட் அணியிலும் நட்டு. கடைசியில் பும்ராவும் அஸ்வினும் ஆட முடியாமல் போனார்கள். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் காபா திடல், நாம் பசியாறிக்கொண்டிருந்த நேரம், நடராஜன் கைக்கு வந்தது டெஸ்ட் தொப்பி, எண் 300. அடுத்த எண் 301 யாருக்கு? சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தருக்கு! ஒரே காலையில் இரண்டு தமிழர். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்தான். அடேயப்பா!

"அடுத்தவன் காயத்தில் வந்த அதிர்ஷ்டம்" என்று உதட்டைப் பிதுக்குபவர்களும் உண்டு. போங்கள் ஐயா! காபாவில் சதம் அடித்து நின்ற ஆஸ்திரேலியாவின் லபுஷேனை வெளியேற்றியது அதிர்ஷ்டமா? அந்த லபுஷேன்தான் ஒருநாள் ஆட்டத்தில் இவருடைய முதல் விக்கெட்டும்கூட.

சமாச்சாரம் யார்க்கரில் இருக்கிறது. ஏறக்குறைய இருபது வயது வரை நட்டு ஆடியது டென்னிஸ் பந்தில்தான். ஊர்த் திடல் சின்னது. பந்தைப் பாதி வழியில் குத்தினால் அது எழும்பி வரும், அடிக்கிறவன் தூக்கி அனுப்பிவிடுவான். தப்பிக்க ஒரே இடம் மட்டையின் அடி, கால் விரல் பக்கம். அதுதான் யார்க்கர். அங்கேயே போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் அதைக் கவனித்துச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். ஐபிஎல்லில் நட்டுவின் சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று இருந்ததே, அந்த ஜேபி இவர்தான்!

இடையில் ஒரு பெரிய அடியும் விழுந்தது. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார்! கையை முதலிலிருந்து பழக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர், 2016 டிஎன்பிஎல்லில் (தமிழ்நாட்டு லீக்) திண்டுக்கல் அணிக்காக, சமநிலை ஆட்டத்தை முடிக்கும் ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே இறக்கினார். மறு ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலை, பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு. அன்றைய நம் கணக்கில் ஏறக்குறைய 20 லட்சம் வெள்ளி!

இன்னொன்று கேளுங்கள். 2020 நவம்பரில் மகள் பிறந்தபோது நட்டு ஐபிஎல்லுக்காக அமீரகத்தில் இருந்தார். அங்கிருந்து நேரே ஆஸ்திரேலியா. பிள்ளையின் முகத்தை நேரில் பார்க்க ஜனவரி பிற்பகுதி வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில், டி20 கோப்பையைக் கோலி இவர் கையில் கொடுத்தார், டெஸ்ட் கோப்பையை ரஹானே கொடுத்தார். ஹார்திக் பாண்டியாவோ தன் தொடர் நாயகன் விருதையே நீட்டினார். ஊர் திரும்பியதும் குதிரை பூட்டிய சாரட்டில் ஊர்வலம்!

பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு. இந்திய அணியில் அந்தப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தார், அந்த ஆண்டு ஏலத்தில் டெல்லி 10.75 கோடி ரூபாய் கொடுத்தது. அவர் காட்டிய வழியில், அதே ஊர்ப் பையன் பெரியசாமி 2019 டிஎன்பிஎல் இறுதியில் 5 விக்கெட் எடுத்ததும் சும்மா நடந்ததல்ல.

நம்மில் பலருக்குப் பூர்வீகம் சேலம் பக்கம். அடுத்த முறை சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் சின்னப்பம்பட்டியையும் எட்டிப் பாருங்கள். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்த நடராஜன் கிரிக்கெட் திடல் அங்கே இருக்கிறது. படம் எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்!