பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லிக்கொடுப்பது யார்?

பெருநாள் மாலையில் நம் பிள்ளைகள் கூட்டமாகப் போகும் இடம் மெரினா, இல்லாவிட்டால் பெசன்ட் நகர். ஆனால் பக்கத்திலிருக்கும் அந்தக் கடலைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் செல்போனிலும் சினிமாவிலும் பார்த்ததுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் கண்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பிறப்பதற்கு முன் நடந்த செய்தி. அதைக் கேட்டுக் கேட்டு, உயர்ந்த அலை மட்டுமே ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துவிடும். எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிஞ்சும். கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். முடியாதவர் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடட்டும். நண்பனைக் காப்பாற்ற உடனே பின்னால் குதிப்பதும் ஆபத்து. எலியட்ஸ் கடற்கரையில் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும் அந்த வெள்ளைக் கட்டடம், 1930-இல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடலை உண்மையில் படித்தவர்கள் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் இருக்கிறார்கள். ஊரூர் குப்பத்து மீனவர் பாளையம், காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் குறித்து வைத்தவர். மீன் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். "அண்ணே, இன்னிக்கு தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" என்று அவனே கேட்கட்டும்.