விராலின் காலக்கணக்கு

ஒரு கார்த்திகை மழையில் வன்னிக் குளமொன்றின் ஓரத்தில் நின்றேன். தண்ணீரின்மேல் செம்மஞ்சள் திட்டொன்று அசைந்தது. உதிர்ந்த பூக்கள் என்றே எண்ணினேன். அவை விரால் குஞ்சுகள்!

மற்ற மீன்களைத் தின்று வாழும் விரால், மழையை எதிர்பார்த்தே முட்டையிடுகின்றது. புதுவெள்ளம் வயலிலும் கரைப்புல்லிலும் ஏறியதும், புற்களை விலக்கிச் சிறு இடைவெளி அமைக்கும். எண்ணெய்த்துளி கொண்ட முட்டைகள் அங்கே மிதந்து, ஓரிரு நாளில் பொரிக்கும். அவ்வேளை வெள்ளத்தில் பெருகியிருக்கும் நுண்ணிய சிற்றுயிர்களே குஞ்சுகளின் முதல் உணவு. பின்னர் பூச்சி, புழு, அதன்பின் சிறுமீன். முந்திப் பருத்த குஞ்சு, பிந்திய தம்பியையும் விழுங்கிவிடும். வளர்ச்சியில் பிந்துவது அங்கே உயிராபத்து.

காற்றுக்காகக் குஞ்சுகள் கூட்டமாய் மேலே வரும். கீழே பெற்றோர் காவல் நிற்கும். அந்தச் செந்திட்டை அடையாளம் வைத்தே தூண்டிற்காரர் பெரிய விராலைப் பிடிக்கின்றனர். காவல் போனபின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன. ஒரு மழைக்காலத்தின் விளைச்சல் ஒரே தூண்டிலோடு போய்விடுகின்றது.

குஞ்சுகள் விரலளவு வளர்ந்து, நிறம் கறுத்துப் பிரிந்து செல்லும்வரையாவது நாம் பொறுத்திருக்கலாகாதா?