கர்ரியின் 4.4 கோடி: ஏமாந்தாரா, தப்பித்தாரா?

என்.பி.ஏ. பார்க்கிற ரெண்டு பேர் ஒரே ஹாஸ்டல் ரூமில் இருந்தால் பேச்சு கடைசியில் மூன்று இடத்தில்தான் போய் நிற்கும். "எதுக்குடா எல்லாரும் இப்படி த்ரீயா போட்டுத் தள்றாங்க?" "இவனுக்கு இவ்ளோ சம்பளமா?" "அந்த டிரேடை எவன்டா ஓகே பண்ணான்?" மூன்றும் தனித்தனி சண்டை மாதிரி தெரியும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குதான்: நாம் செமஸ்டருக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன ப்ராபபிலிட்டி. அதை ஸ்டீஃபன் கர்ரி 2012-ல் போட்ட ஒரு கான்ட்ராக்டை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஷாட்

என்.பி.ஏ.வில் மூன்று பாயின்ட் கோடு வந்தது 1979-80 சீசனில். கூடையிலிருந்து 23 அடி 9 அங்குலம். இரண்டு மூலைகளில் மட்டும் 22 அடி. அந்த முதல் சீசனில் ஒரு டீம் ஒரு மேட்சுக்கு சராசரியாக மூன்று த்ரீகூட முயற்சி செய்யவில்லை. இப்போது அந்த எண்ணிக்கை 35-ஐத் தாண்டிவிட்டது.

காரணம் எளிய பெருக்கல். ஒரு வீரர் த்ரீயை 35% போடுகிறார் என்றால், ஒரு முயற்சியின் மதிப்பு 0.35 × 3 = 1.05 பாயின்ட். அவரே ஒரு அடி முன்னால் வந்து, கோட்டுக்கு உள்ளே நின்று 40% போட்டாலும் 0.40 × 2 = 0.80தான். நூறு ஷாட்டுக்கு 105, 80. ஒரு அடி தூரத்துக்கு 25 பாயின்ட் வித்தியாசம்! கூடைக்கு அடியிலேயே போய் 60% போட்டால் 1.20. அதனால்தான் இன்றைய டீம்கள் ஒன்று கூடைக்கு அடியில் போகிறார்கள், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். நடுவில் இருந்து போடும் ஷாட் குறைந்துகொண்டே வருகிறது. வெளியே நல்ல ஷூட்டர் நின்றால் அவரைக் காக்க ஒரு டிஃபெண்டர் வெளியே வந்தாக வேண்டும். உள்ளே வழி தானாகத் திறக்கும். அது தனி லாபம்.

"சரி, அப்புறம் ஏன் ராக்கெட்ஸ் தோத்தாங்க?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. 2017-18 சீசனில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், டூவைவிட த்ரீ அதிகமாக முயற்சி செய்த முதல் என்.பி.ஏ. டீம். 65 மேட்ச் ஜெயித்தார்கள். வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனலில் வாரியர்ஸுக்கு எதிராக ஏழாவது மேட்ச், சொந்த மைதானம். அங்கே தொடர்ந்து 27 த்ரீ மிஸ். மொத்தம் 44-ல் 7தான் உள்ளே போனது. 9 பாயின்டில் தோல்வி. இன்னும் மூன்றே மூன்று விழுந்திருந்தால் ஸ்கோர் சமம்.

அந்த சீசனில் அவர்களுடைய சராசரி சுமார் 36%. 44 முயற்சிக்கு 16 விழ வேண்டும். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டுப் பாருங்கள், 3-க்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது 13-ம் சகஜம், 19-ம் சகஜம். 7 என்பது ரொம்ப அபூர்வமான ராத்திரி. கிறிஸ் பால் காயத்தால் ஆடவில்லை, மற்றவர்களின் காலும் களைத்திருந்தது; ஷாட் என்பது வெறும் நாணயம் சுண்டுவது கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு ராத்திரியை வைத்து "த்ரீ வேஸ்ட்" என்று தீர்ப்பு எழுத முடியாது. ஒரு ஷாட் சரியான ஷாட்டா என்பது அது கையை விட்டுப் போகும்போதே முடிவாகிவிடுகிறது. விழுந்ததா இல்லையா என்பது அதற்கப்புறம் நடக்கும் விஷயம்.

அடுத்து டிரேட்

2012 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், தங்கள் டீமில் அதிக பாயின்ட் போட்டுக்கொண்டிருந்த மான்டே எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. போகட் அப்போது கணுக்கால் உடைந்து உட்கார்ந்திருந்த சென்டர். ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழைய நட்சத்திரம் கிறிஸ் மல்லினின் ஜெர்சியை கௌரவிக்கும் விழாவில் டீம் ஓனர் ஜோ லேக்கப் மைக் பிடித்ததும் மொத்த அரங்கமும் கத்தி அவரைப் பேசவிடவில்லை. மல்லினே வந்து ரசிகர்களை சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ரசிகர்கள் பார்த்தது எல்லிஸ் போட்ட பாயின்ட். டீம் பார்த்தது வேறு: எல்லிஸும் கர்ரியும் உயரம் குறைந்த கார்டுகள், ரெண்டு பேருக்கும் பந்து கையில் வேண்டும், கூடைக்கு அடியில் காக்க ஆள் கிடையாது. எல்லிஸ் போனதும் கர்ரிக்கும் கிளே தாம்சனுக்கும் இடம் திறந்தது. 2015-ல் வாரியர்ஸ் 40 வருஷத்துக்குப் பிறகு சாம்பியன் ஆனபோது போகட் அந்த டீமின் சென்டர்.

இப்போது கான்ட்ராக்ட்

இதைப் புரிந்துகொள்ள சாலரி கேப் தெரிய வேண்டும். லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகும். அதிலிருந்து ஒவ்வொரு டீமுக்கும் ஒரு சம்பள வரம்பு கணக்கிடப்படும். விதிவிலக்குகளைப் பயன்படுத்தி அந்த வரம்பைத் தாண்டலாம், ஆனால் தாண்டிய டீம் வெளியிலிருந்து பெரிய வீரரை நினைத்த மாதிரி வாங்க முடியாது. டிரேட் செய்தாலும் போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் கிட்டத்தட்ட பொருந்த வேண்டும். 2025 பிப்ரவரியில் லூக்கா டான்சிச்சும் ஆண்டனி டேவிஸும் டீம் மாறியபோது ரெண்டு பேர் சம்பளமும் 4.3 கோடி டாலருக்குப் பக்கத்தில் இருந்தது தற்செயல் இல்லை.

அதனால் ஒரு வீரரின் மதிப்பு அவர் போடும் பாயின்ட் மட்டும் கிடையாது. அவர் தருவதில் அவருடைய விலையைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு, அதுதான் டீமுக்கு லாபம்.

2011-12 சீசனில் கர்ரி ஆடியது 26 மேட்ச்தான். கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்கியது, ஒரு வருஷத்துக்குள் ரெண்டு முறை ஆபரேஷன். அந்த நிலையில், 2012 அக்டோபர் கடைசியில், நான்கு வருஷத்துக்கு 4.4 கோடி டாலர் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார். "உடைஞ்ச காலுக்கு இவ்ளோவா?" என்று கேட்டவர்கள் அப்போது உண்டு.

கையெழுத்துப் போட்ட அதே சீசனில் 272 த்ரீ போட்டு லீக் ரெக்கார்டை உடைத்தார். 2015-16-ல் அது 402. டீம் 73 மேட்ச் ஜெயித்தது. சம்பளம் அதே பழைய கான்ட்ராக்ட்.

அந்த நேரம் பார்த்து புதிய டி.வி. ஒப்பந்தப் பணம் லீக்குக்குள் வந்தது. 2015-16-ல் 7 கோடியாக இருந்த கேப் ஒரே வருஷத்தில் 9.4 கோடியானது. உயர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று லீக் கேட்டது, வீரர்கள் சங்கம் மறுத்துவிட்டது. கர்ரி மலிவாக இருந்ததாலும் கேப் எகிறியதாலும் வாரியர்ஸுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் வந்தவர் கெவின் டுரான்ட். அதே இடத்துக்காக டல்லஸுக்கு அனுப்பப்பட்டவர்களில் நம்ம போகட்டும் ஒருவர். 2016-17-ல் கர்ரியின் சம்பளம் சுமார் 1.2 கோடி, டுரான்ட், தாம்சன், டிரேமண்ட் கிரீன் மூவருக்கும் பிறகு, தன் டீமிலேயே நான்காவது இடம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கோப்பை வாரியர்ஸுக்கு.

அப்போ கர்ரி ஏமாந்தாரா?

ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது: "பாவம், ஒரு வருஷம் வெயிட் பண்ணியிருக்கலாம்." இங்கேதான் நம்ம கணக்கில் ஒரு சின்ன திருத்தம் தேவைப்படுகிறது.

சராசரி மதிப்பு யாருக்கு வேலை செய்யும்? நிறைய முறை முயற்சி செய்ய முடிகிறவருக்கு. ஒரு டீம் சீசனில் 82 மேட்ச் ஆடுகிறது, ஆயிரக்கணக்கில் த்ரீ போடுகிறது. இன்றைக்கு 7 விழுந்தால் நாளைக்கு 19 விழும். ஓனருக்கும் அப்படித்தான்: ஒரு கான்ட்ராக்ட் சொதப்பினால் இன்னொன்றில் ஈடுகட்டுவார். ஆனால் கர்ரிக்கு இருந்தது ஒரே உடம்பு, ஒரே கெரியர். கணுக்கால் மறுபடி போயிருந்தால் "சராசரியாகப் பார்த்தால் நல்ல முடிவுதான்" என்ற ஆறுதலை வைத்து என்ன செய்வது? பெரிய தொகைக்கான வாய்ப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கினார். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவது மாதிரி. விபத்து நடக்கவில்லை என்பதால் பிரீமியம் கட்டியவன் முட்டாள் ஆகிவிட மாட்டான்.

2017-ல் அவர் போட்ட அடுத்த கான்ட்ராக்ட் ஐந்து வருஷத்துக்கு 20.1 கோடி டாலர். எல்லோருக்கும் இப்படி இரண்டாவது வாய்ப்பு வராது. அதே மாதிரி கணுக்காலோடு காணாமல் போனவர்களைப் பற்றி நாம் சண்டை போடுவதே இல்லை, பேர்கூட ஞாபகம் இருக்காது.

பிளேஸ்மென்ட் சீசனில் கைக்கு வந்த முதல் ஆஃபரை வாங்கிக்கொண்ட நண்பனைப் பார்த்து "கொஞ்சம் பொறுத்திருந்தா டபுள் பேக்கேஜ்டா" என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். வீட்டில் எஜுகேஷன் லோன் நிற்கிறவனும் நிற்காதவனும் ஒரே ஆஃபரைப் பார்த்தாலும் ஒரே கணக்குப் போட முடியாது.

அடுத்த முறை "இந்த கான்ட்ராக்ட் வேஸ்ட்", "இந்த டிரேட் பைத்தியக்காரத்தனம்" என்று யாராவது ஆரம்பித்தால் மூன்று விஷயம் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது? என்ன விலை? சொதப்பினால் இன்னொரு சான்ஸ் யாருக்கு இருந்தது? சண்டை நிற்காது, அதற்கு நான் கியாரண்டி தர மாட்டேன். ஆனால் மெஸ் மூடுகிற வரைக்கும் பேசுவதற்கு நல்ல விஷயம் கிடைக்கும்.